ராஜா மகனுக்குத் தண்ணீர்

நவம்பர் 8, புதன். பெலீஸ் நகரம், மத்திய அமெரிக்கா

இந்த நோட்டு என் தங்கச்சி சலேத்தின் மகள் ஜெனோவா, வீட்டில் நோவா, வாங்கித் தந்தது. “மாமா, வாயால சொன்னா தடவைக்கு ஒண்ணா சொல்லுதிய. தேதி போட்டு எழுதி வைங்க, நான் படிச்சுக்கிடுதேன்” என்றாள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதினால் எப்படி இருக்கும் என்று ஊர் பார்க்கட்டும்.

நோவா ஒரு சரித்திர நாவல் எழுதுகிறாள். கரிஃபுனா என்று ஒரு சனம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களும் தீவுக்காரர்களும் கலந்து உண்டானவர்கள். செயின்ட் வின்சென்ட் தீவில் தலை நிமிர்ந்து இருந்தவர்களை வெள்ளைக்காரன் சண்டையில் பிடித்து, ஒரு மொட்டைத் தீவில் அடைத்துப் பாதிப் பேரைச் சாகவிட்டு, மிச்சப் பேரை 1797இல் கப்பலேற்றி இந்தக் கடலில் வேறொரு தீவில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். அவர்கள் தோணி போட்டு இந்தக் கரையெல்லாம் பரவிவிட்டார்கள். சாகச் சொன்னால் சாகாத சனம். எனக்குப் பிடித்த சனம்.

இவர்களைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்தவன் தூத்துக்குடியில் இல்லை, தமிழ்நாட்டிலேயே இல்லை. 1986இல் ஆறு மாதம் இவர்களோடு வாழ்ந்தவன் இந்த பர்னபாஸ் மோத்தா. அப்போது நான் கப்பலில் தலைமைப் பண்டாரி. பண்டாரி என்றால் வெறும் சமையற்காரன் என்று நினைக்கக் கூடாது, கேப்டனுக்கு அடுத்த ஆள். என் மீன்குழம்பு வாசத்துக்குச் சுறா கப்பல் கூடவே வரும். அதனால்தான் நாவலுக்கு உதவித்தொகை கிடைத்ததும் நோவா என்னை வழிகாட்டியாகக் கூட்டி வந்தாள்.

அவளிடம் ஒரு சிவப்புப் பேனா இருக்கிறது. நான் சொல்வதை எழுதிக்கொண்டு பக்கத்தில் கேள்விக்குறி போடுவாள். அதே சேதி வேறு இரண்டு இடத்தில் கிடைத்தால் கேள்விக்குறியை அடித்துவிட்டு ‘உறுதி’ என்று எழுதுவாள். இதுவரை எனக்கு ஒரு ‘உறுதி’கூட விழவில்லை.

சாயங்காலம் கடலில் பூப் போட்டாள். அவள் அப்பா அருளப்பன், என் மச்சான், அதே கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயில்மேன். காய்ச்சலில் இறந்து இந்தக் கடலில் அடக்கமானான். நோவா அப்போது வயிற்றில். கொடி போர்த்தி, கேப்டன் சல்யூட் அடிக்க, கப்பல் மூன்று முறை சங்கு ஊத, நான் அவன் கையைப் பிடித்திருந்தேன் என்று வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இன்றும் சொல்லச் சொன்னாள். மூன்று சங்கு ஏழு என்று வந்துவிட்டது. இந்த ஒரு கதைக்கு மட்டும் அவள் கேள்விக்குறி போட்டதே கிடையாது.

நாளை எந்த ஊர் என்று கேட்டேன். “சாந்தா ரீத்தா” என்றாள்.

“அது வேண்டாம்மா. அங்கன கொசு சாஸ்தி.”

“உங்களுக்கு எப்படித் தெரியும், போயிருக்கியளா?”

“போகாமலா? நான் போகாத ஊரா?” என்றேன். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

நவம்பர் 9, வியாழன்

பஸ்ஸில் ஐந்து மணி நேரம். சர்க்கரை மாத்திரையைப் போடவில்லை. மாத்திரை சொல்லி நான் கேட்பதா?

நவம்பர் 10, வெள்ளி. சாந்தா ரீத்தா

ஒரே மணல் தெரு, இரண்டு பக்கமும் தென்னை, கடைசியில் மரக்கோயில். கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம், அதற்குப் பின்னால் கடல். தெருக்குழாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எல்லா ஊரிலும் தெருக்குழாய் இருக்கும், அதைச் சொல்கிறேன்.

தங்குவது எவரிஸ்டா என்கிற அம்மா வீட்டில். அறுபது தாண்டியிருக்கும், என்னைவிட உயரம், தோள் இரண்டும் சுமை தூக்கி போல. ஊருக்கே மரவள்ளி ரொட்டி சுட்டுக் கொடுக்கிறவர். அவர் பேசுவது இங்கிலீஷ். அதை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதினால்தான் அவர் குணம் விளங்கும், அப்படியே எழுதுகிறேன்.

என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார். “நீரு என்ன தொழிலு?”

“கப்பல்” என்றேன். “எங்க குடும்பத்துக்குச் சொந்தமா ஏழு கப்பல். பொழுது போகலைன்னு நான் வேலைக்குப் போனேன்.”

“ஏழா?”

“ஏழு.”

அவர் நோவாவைப் பார்த்தார். நோவா எனக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

கொல்லையில் துருவிய மரவள்ளி மாவு ஒரு தொட்டி நிறைய இருந்தது. மரவள்ளிக் கிழங்கைப் பற்றி எனக்கு யார் சொல்ல வேண்டும்? “எங்க பக்கம் இதைப் பச்சையாவே திம்போம்” என்று ஒரு பிடி அள்ளினேன். வாய்க்குப் போகுமுன் கையில் சுளீரென்று ஒரு அடி.

“செத்துப் போவீரு. இது கசப்புக் கிழங்கு. விஷத்தைப் பிழிஞ்சப்புறந்தான் சோறு.”

பாம்பு மாதிரி நீளமாகப் பின்னிய ஒரு பை. அதில் மாவைத் திணித்து, உத்தரத்தில் தொங்கவிட்டு, அடிமுனையில் கம்பைச் செருகி அதன்மேல் ஏறி உட்காருகிறார்கள். பை இறுக இறுக விஷச்சாறு சொட்டுகிறது. என்னை உட்காரச் சொன்னார்கள். என் கனத்துக்கு ஒரே அழுத்தில் சாறு முழுக்க வந்துவிட்டது. ஊரே கை தட்டியது. (நோவா சொல்கிறாள், இரண்டு பேர் சிரித்தார்களாம்.)

நவம்பர் 11, சனி

நோவா வாங்கிக் கட்டிக்கொண்ட நாள்.

கப்பலில் ஏற்றியபோது பெண்கள் மரவள்ளிக் குச்சியை உடுப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்களாம். உடம்பு வேர்வையில் அது வாடாமல் இருந்ததாம். அதைத்தான் இங்கே நட்டார்கள் என்று எவரிஸ்டா சொன்னார். நோவா பேனாவை எடுத்து, “இதுக்கு ஆதாரம் ஏதும் உண்டா?” என்று கேட்டாள்.

எவரிஸ்டா இடுப்பில் கை வைத்தார். “நான் நிக்கேன்லா? அதான் ஆதாரம்.”

ஆகா! இத்தனை வருடம் இந்த வார்த்தை எனக்குத் தோன்றாமல் போனதே. ராத்திரிச் சாப்பாட்டின்போது நோவா என் சுறாக் கதைக்கு ஆதாரம் கேட்டாள். “நான் நிக்கேன்லா?” என்றேன். “நீங்க உட்கார்ந்திருக்கியளே மாமா” என்றாள்.

சாப்பாடு வாழைக்காய் இடித்த களியும் தேங்காய்ப்பால் மீனும். சலேத் இருந்தால் மீனைத் தள்ளி வைத்திருப்பாள். மீன் தொடாதவள் அவள்.

நவம்பர் 13, திங்கள்

கிழங்கு துருவும் நாள். பலகையில் கூர்க்கல் பதித்த துருவி. எட்டுப் பெண்கள் பாட்டுக்கு ஏற்றபடி துருவ, பாட்டு ஓய்ந்தால் கதை. நானும் துருவினேன், எட்டுப் பேர் வேலையை ஒருவனாக. இரண்டு விரலில் துணி சுற்றியிருப்பது வேறு காரணம்.

எவரிஸ்டா ஒரு கதை சொன்னார். நோவாவைப் பார்த்து ஆரம்பித்தவர் பாதியிலிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

“கடலுக்கு அந்தாண்ட இந்தியாவுல ஒரு ராஜா. அவருக்கு அஞ்சு கப்பலு. அவரு மகன் காய்ச்சலோட இந்தக் கரைக்கு வந்தான். ராஜா மகனாச்சேன்னு கன்னியாஸ்திரி தன் கட்டிலைக் கொடுத்தா. ஊரு பூரா மாத்தி மாத்தி முழிச்சிருந்துச்சு. கூட ஒரு வேலைக்காரன். நாலாம் நாளு ராஜா மகன் தண்ணி கேட்டான். வேலைக்காரன் வாளியை எடுத்துட்டுப் போனான். போனவன் வரலை. ராஜா மகன் ரெண்டு நாளு வாசலையே பாத்துக் கிடந்து செத்தான். சொந்தக்காரவுகளா நின்னு ஒம்பது ராத்திரி செபம் சொன்னது நாங்க.”

“அந்த வேலைக்காரன் என்ன ஆனான்?” நோவாவுக்கு முகமெல்லாம் கண்.

“இன்னும் தண்ணி எடுக்கான்.”

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த ஊர்ப் பழக்கம் இது? கூட வந்தவன் மந்திரியாக இருந்திருக்கலாம், தளபதியாக இருந்திருக்கலாம். அவனே அப்படித்தான் சொல்லியும் இருப்பான். வேலைக்காரன் என்று யார் ஆக்கியது?

நவம்பர் 14, செவ்வாய்

நோவா விடிய எழுந்து எழுதினாள். பதினான்கு பக்கம். ராஜா மகன் கதை நூற்றைம்பது வருடத்துக் கதையாம். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கரும்பு வெட்டக் கூலிகளைக் கொண்டுவந்தார்களாம், அதில் ஒருவன் இந்தக் கதைக்குள் ராஜா மகனாகியிருப்பானாம். நாவலின் கடைசி அத்தியாயமே இதுதான் என்றாள். படித்துக் காட்டினாள். வேலைக்காரனைத் துரோகி என்று எழுதியிருக்கிறாள். நல்ல எழுத்து. அதுதான் தொந்தரவு.

“இந்தக் கதையை விட்டுரும்மா” என்றேன்.

“ஏன்?”

“பொய்யா இருக்கும்.”

அவளுக்கு வந்ததே கோபம்! “மாமா, ஒரு வாரமா நீங்க சொன்னதுல ஒரு வரி தேறலை. ஆறு மாசம் இருந்தேன்னிய, கசப்புக் கிழங்கு தெரியலை. உங்களை நம்பி விமானத்துல ஏத்திக் கூட்டிட்டு வந்தேன். இங்க எனக்குக் கிடைச்ச ஒரே உருப்படியான கதை இது. அதைப் பொய்ங்கிறியளா, நீங்க?”

“பொய்யைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?” என்று கேட்டுவிட்டேன். பெருமையாகத்தான் கேட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 15, புதன்

கொசு. சொன்னேனே.

நவம்பர் 16, வியாழன்

இன்று அருளப்பன் நினைவு நாள். ஊரில் வருடா வருடம் பனிமய மாதா கோயிலில் பூசை வைப்போம். இங்கேயும் வைக்க வேண்டும் என்று நோவா சாமியாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. பூசை நடுவில் சாமியார் வாசித்தார்: “1986 நவம்பர் 16இல் கடலில் இறந்த இந்திய மாலுமி அருளப்பன் ரொட்ரிகோவின் ஆன்மாவுக்காக.”

முன்பெஞ்சில் முழங்காலில் இருந்த எவரிஸ்டா திரும்பினார். நோவாவை ஒரு பார்வை. என்னை ஒரு பார்வை. மறுபடி பீடத்தைப் பார்த்துக்கொண்டார்.

பூசை முடிந்ததும் நோவா சாமியாரோடு பேசப் போன நேரம் பார்த்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். அறுபத்தாறு வயது மனிதனை!

“தெருவுல கால் வச்ச அன்னைக்கே தெரியும்வே நீரு யாருன்னு. முகத்தை வச்சில்ல. அன்னைக்கு எங்க குடும்பத்துக்கு அஞ்சு கப்பலுன்னீரு. இப்ப ஏழாயிருச்சு.”

“முப்பத்தேழு வருசத்துல ரெண்டு வாங்கியிருக்க மாட்டோமா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “அந்தப் புள்ள அவன் மவளா?”

கடலைப் பார்த்தேன்.

“ராஜா மகன் கல்லறையைப் பாக்கணும்னு தினமும் என்னைக் கேக்கா. கரையேறுன நாள் திருவிழா முடிஞ்சதும் காட்டுதேன்னு சொல்லியிருக்கேன். சிலுவையில தேதி இருக்கு. அதுல அவ படிக்கதுக்கு முன்னால நீரு சொல்லும். நான் சொல்ல மாட்டேன். அது உம்ம வேலை.”

நவம்பர் 17, வெள்ளி

சொன்னால் என்ன செய்துவிடுவாள்? நான் யாருக்கும் பயந்தவன் இல்லை. புயலில் கப்பல் படுத்தபோதுகூட அடுப்பை அணைக்காதவன். ஆனால் வாயால் சொன்னால் ஏழு சங்கு பத்தாகிவிடும், எனக்கு என் வாயைத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

கப்பல் எஞ்சின் கெட்டு இந்தக் கரைக்கு எதிரே பதினோரு நாள் நங்கூரம் போட்டு நின்றது. ஆறு மாதம் இல்லை. பதினோரு நாள். அதில் நான் கரையில் இருந்தது நான்கு நாள்.

நான் தலைமைப் பண்டாரி இல்லை. இரண்டாம் பண்டாரி. வெங்காயம் உரித்து, பாத்திரம் கழுவுகிறவன்.

அருளப்பனுக்குக் காய்ச்சல் முற்றியதும் படகில் இங்கே இறக்கினார்கள். பார்த்துக்கொள்ள என்னை விட்டார்கள். அருளப்பனை ராஜா மகன் என்று சொன்னது நான். எங்கள் குடும்பத்துக்கு ஐந்து கப்பல் என்றதும் நான். ஏழை ஆயில்மேன் என்றால் யார் கவனிப்பார்கள் என்று நினைத்தேன். அது தப்பு, இவர்கள் கவனித்திருப்பார்கள்.

நான்காம் நாள் மத்தியானம் கப்பல் சங்கு ஊதியது. ஒரே ஒரு முறை. என்னை ஏற்றிப்போகப் படகு வந்துவிட்டது, வராவிட்டால் வேலை போய்விடும் என்று ஆள் வந்து சொன்னான். அருளப்பன் எதுவும் அறியாமல், “மச்சான், தண்ணி” என்றான். “இந்தா எடுத்துட்டு வாரேன்” என்று வாளியை எடுத்தேன். குழாயடியில் வாளியை வைத்துவிட்டுப் படகுக்கு ஓடினேன். அவன் அப்போது உயிரோடு இருந்தான்.

அடுத்த துறைமுகத்தில், அவன் இறந்துவிட்டான் என்று தந்தி வந்தது. கம்பெனி வீட்டுக்கு அனுப்பிய இங்கிலீஷ் கடிதத்தில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. எட்டாம் வகுப்புப் பாதிதான் அன்றைக்கு எங்கள் வீட்டில் பெரிய படிப்பு. நான்தான் படித்துச் சொன்னேன். கடலில் அடக்கம், கொடி, சங்கு, கையைப் பிடித்திருந்தேன் என்று படித்தேன். பிறகு கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

இதில் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. கூட்ட வந்ததை இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன்.

நவம்பர் 18, சனி

காலையில் நோட்டை நோவா கையில் கொடுத்தேன். கடற்கரைக்கு எடுத்துப் போனாள். மத்தியானம் வந்தாள். என்னைப் பார்க்காமல் நோட்டை மேசையில் வைத்தாள். சாப்பிடவில்லை.

சாயங்காலம் சலேத் போனில் வந்தாள். நோவா சொல்லிவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பதில் எல்லாம் தயாராக இருந்தது: வேலை போயிருந்தால் உன் கல்யாணக் கடனை யார் அடைத்திருப்பார், நோவாவை யார் படிக்கவைத்திருப்பார் என்று.

அவள் திட்டவில்லை. “அண்ணே, கடல்ல போட்டோம்னு சொன்னியே” என்றாள். “மீனு அவரைத் தின்னுருக்கும்னு முப்பத்தேழு வருசமா நான் மீனு தின்னலையே அண்ணே.”



நவம்பர் 19, ஞாயிறு

கரையேறிய நாள். விடிந்ததும் கடலில் இரண்டு தோணி. மேளம், கொடி, வாழை இலை, கையில் மரவள்ளிக் குச்சி. முன்னோர் வந்து இறங்கியதை அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள். கரையில் நிற்பவர்கள் பாட்டோடு தண்ணீரில் இறங்கி வரவேற்கிறார்கள். எவரிஸ்டா முழங்கால் தண்ணீரில் நின்று பாடினார். துரத்திவிட்டவன் எங்கே போனான் என்று தெரியவில்லை, நாங்கள் இங்கேதான் நிற்கிறோம் என்பதுபோல ஒரு நிற்பு.

நோவா என் பக்கத்தில் வந்து நின்றாள். நோட்டைப் படித்தபிறகு முதல் பேச்சு.

“அப்பா வேற ஏதாச்சும் சொன்னாரா?”

எத்தனை வந்தது நாக்குக்கு! பிள்ளைக்கு ஜெனோவா என்று பேர் வை என்றான், உன்னை நினைத்து அழுதான், ஜெபமாலையைக் கேட்டான். ஒவ்வொன்றும் அழகு. அவள் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வாள்.

“இல்லம்மா” என்றேன். “தண்ணி மட்டுந்தான் கேட்டாரு.”

“உங்களை மன்னிக்க முடியுமான்னு எனக்குத் தெரியலை மாமா.”

“நான் கேக்கலையே” என்றேன். “விட்டுட்டுப் போனது அவனை. அவன்கிட்டதான் கேக்கணும்.”

அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும். அழகாகப் பேசி இனி அவளிடம் ஒன்றும் வாங்கமாட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

கல்லறைத் தோட்டத்தில் கோயில் சுவருக்கு அடுத்த இடம், முதல் வரிசை. மரச்சிலுவையை மூன்று முறை மாற்றியிருக்கிறார்களாம், உப்புக்காற்று தின்றுவிடுகிறது. வெள்ளை பெயிண்டில் இங்கிலீஷில்: இந்தியாவின் இளவரசன், 1986 நவம்பர் 16.

நோவா மணலில் உட்கார்ந்து அந்தத் தேதியை விரலால் தடவினாள். நான் கொண்டுபோயிருந்த பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். ‘இளவரசன்’ என்பதை அழித்துவிட்டு நிஜப் பெயரை எழுதலாம் என்று நினைத்தேன். ஒரு முறையாவது சரியாகச் செய்வோமே என்று.

எவரிஸ்டா தூரிகையைப் பிடுங்கினார். “அழிச்சீரு, கையை ஒடிச்சிருவேன். ராஜா மகன்னுதான் ஒம்பது ராத்திரி செபம் சொன்னோம். உம்ம பொய்யி எப்பவோ செத்துப்போச்சு. இது எங்களது.”

அழிக்கவில்லை. கீழே நோவா தமிழில் எழுதினாள்: அருளப்பன் ரொட்ரிகோ, ஆயில்மேன், தூத்துக்குடி.

ஒரு சடங்கு மிச்சம் இருக்கிறது என்றார் எவரிஸ்டா. இறந்தவருக்குக் குளிர்ச்சியாகத் தண்ணீர் விடுவது. மற்றதெல்லாம் ஊர் செய்யலாம், இதைச் சொந்தக்காரர் கையால்தான் செய்ய வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கமாம். முப்பத்தேழு வருடமாக யாரும் வராததால் நின்றுபோயிருக்கிறது. நோவா வாளியை எடுத்தாள். இரண்டடி நடந்தாள். திரும்பி வந்து அதை என் முன்னால் மணலில் வைத்தாள்.

தெருக்குழாய் வரை போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன். தெரு நீளம். பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சாயங்காலம் நோவா மறுபடி வாங்கிப்போன இந்த நோட்டை ராத்திரி திறந்தபோதுதான் கவனித்தேன். நோவாவின் சிவப்புப் பேனா முதல் பக்கத்திலிருந்தே விளையாடியிருக்கிறது. சுறாவுக்குக் கேள்விக்குறி, தலைமைப் பண்டாரிக்கு இரண்டு, கை தட்டிய ஊருக்கு மூன்று. ஏழு சங்கை முழுதாக அடித்திருக்கிறாள். பதினேழாம் தேதியில் மட்டும் ஓரத்தில் சின்னதாக: ‘உறுதி. ஒன்று, எவரிஸ்டா. இரண்டு, சிலுவை.’

பதினான்கு பக்கத்தையும் கிழிக்கவில்லையாம். ராஜா மகனை எடுத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனவனை வைத்துக்கொள்ளப் போகிறாளாம். அவனைத் துரோகி என்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள். “முடிவு பண்ணினா எனக்குக் காட்ட வேண்டாம்” என்றேன்.

சலேத் இன்று சாளை மீன் வாங்கினாளாம். குழம்பு வைத்துவிட்டாள், இன்னும் சாப்பிடவில்லையாம்.

வாளியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். குழாயில் நிறையத்தான் பிடித்தேன். வரும் வழியில் கால் தள்ளாடிச் சிந்திக்கொண்டே வந்தது. கல்லறை சேர்ந்தபோது நிறைய இருந்தது என்று எழுதக் கை போகிறது. பாதிதான் இருந்தது. அதை ஊற்றினேன்.